புல் அடைத்த மணி

"கயித்தை அவுத்த கை மறந்தாலும் மறக்கும், அவுத்த மாடு..." என்று ஆரம்பித்து ஊர்க்கூட்டத்தில் பெரியவர் மாரப்பன் ஏதோ சொன்னார். முடிவு என்னவென்று சென்னியப்பனுக்கு நினைவில் இல்லை. மாடு மறக்காது என்றாரா, மாடு காட்டிக்கொடுக்கும் என்றாரா, இல்லை மாட்டை அங்கேயே விட்டுவிட்டு மனுசனுக்குத் தாவிவிட்டாரா. அந்த நேரம் பார்த்து யாரோ இருமினார்கள், ஒருவேளை இருமினது அவனேதானோ என்னவோ, பதினேழு வயதில், கூட்டத்தின் கடைசியில், வேப்பமரத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, மாட்டை அவிழ்த்த இரண்டு பேரில் ஒருவன் தான்தான் என்பது அங்கே ஒரு குஞ்சுக்கும் தெரியாத தைரியத்தில். இத்தனை வருஷம் அந்த மீதி வாக்கியம் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தான். போலீஸில் சேர்ந்தான், கல்யாணம் கட்டினான், ஏட்டு ஆனான், முன்தலை வழுக்கையானது, சர்க்கரை வந்தது. இன்று கோடிப்பள்ளம் சோதனைச் சாவடியில், ஆறின டீயின்மேல் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அது வேண்டியிருந்தது, பல்லிடுக்கில் மாட்டின நாரை நாக்கு தேடுகிற மாதிரி திரும்பத் திரும்ப அங்கேயே போனது. வெளியே ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பனைகளையெல்லாம் கிழக்கே சாய்த்து, சாவடியின் தகரக்கூரையைப் பிய்த்துக்கொண்டுபோய் யாருக்கோ கொடுக்கப் பார்க்கிற காற்று. மேஜைமேல் மணல், டீயில் மணல், வாயை மூடியிருந்தாலும் பல்லில் மணல். உள்ளறையில் பிடிபட்டவன் உட்கார்ந்திருக்கிறான். வெளியே புளியமரத்தில் காளை நிற்கிறது. காளையின் கழுத்தில் மணி தொங்குகிறது, இந்தக் காற்றிலும் அது சத்தம் போடவில்லை. போடாது. அதன் வாயில் ஒரு பிடி அறுகம்புல்லை அடைத்தது சென்னியப்பனுடைய கை.

லாரியைக் காலையில் நிறுத்தியதும் அவன்தான். துரைராஜ் கையைத் தூக்கி, போ போ என்று விட்டுவிட்டிருப்பான். துரைராஜ் அவனுக்குக் கீழே இருக்கிற ஒரே போலீஸ்காரன், நல்லவன், டிரைவர் சிரித்தால் இவனும் சிரிப்பான். லாரி நிறைய பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கின அடிமாடுகள், எலும்பும் தோலுமாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு கேரளத்துக்குப் போகிறவை. நடுவில் ஒரு காங்கேயம் காளை, திமில் தளும்ப, மாப்பிள்ளை மாதிரி நின்றது. அது ஒரு தப்பு. கழுத்தில் மணி கட்டியிருந்தது அதைவிடப் பெரிய தப்பு, ஆனால் அதைத் தப்பென்று படிக்க ஒரு கண் வேண்டும். சென்னியப்பன் பலகையில் ஏறி, மணியைத் தூக்கி, கயிற்றுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினான். ரோமம் தேயவில்லை. கன்றிலிருந்து மணி கட்டின மாட்டுக்கு அந்த இடம் வழுக்கையாக, விரல் அகலத்துக்கு ஓடும்; இது நேற்றோ முந்தாநாளோ கட்டினது. களவு மாட்டை நடத்தும்போது மணியை அடை, எல்லை வந்ததும் மணியைக் கட்டு, மணி ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் போகிற மாட்டை எவனும் களவு மாடென்று நினைக்கமாட்டான். இது யாருடைய பாடம் என்று அந்த நொடியில் அவன் யோசித்திருந்தால் பலகையிலிருந்து இறங்கி, போ என்று கையைத் தூக்கியிருப்பான். யோசிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. இந்த எல்லையில் இப்படி மாட்டைப் படிக்க இன்னொருத்தன் இல்லை என்ற சந்தோஷம், பீடி முதல் இழுப்பு மாதிரி நெஞ்சில் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தோடுதான் டிரைவரை மலையாளத்தில் மிரட்டினான். டிரைவர் கும்பிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது, காளையோடு வந்த ஆள் பின்னால் இருக்கிறான் என்றான். பின்னால், சாக்குமேல் குத்தவைத்திருந்த ஆளை இறங்குடா என்றான். இறங்கினான். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, அழுக்கு வேட்டியோடு எந்தச் சந்தையிலும் பார்க்கக்கூடிய ஒரு கிழட்டுத் தரகன் மாதிரிதான் இருந்தான். ஆனால் லாரிப் பலகையைப் பிடித்த இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கி, முடிச்சுப் போட்ட மாதிரி கிடந்தன. ஆறுக்குட்டி. அந்த இரண்டு பேரில் மற்றவன்.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆறுக்குட்டியின் கண் அவன் சட்டையில் இருந்த பட்டையைப் பார்த்ததே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. வழுக்கை, தொந்தி, கண்ணாடி, காக்கி. பதினேழு வயதுப் பையனை இதற்குள்ளிருந்து தோண்டியெடுக்க எவனாலும் ஆகாது. காளையை இறக்கினார்கள். பலகையில் பாதி வரும்போது பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கினான், காளை மிரண்டு தலையை உதற, மணி கணகணவென்று அடிக்க, அந்தச் சத்தம் சென்னியப்பனின் முதுகுத்தண்டில் ஏறியது. கை கீழே போனது. ரோட்டோரத்துப் புல்லில் ஒரு பிடியைப் பிடுங்கியது. மணியின் வாயில் திணித்தது, பெருவிரலால் நாக்கோடு சேர்த்து அழுத்தி ஒரு திருகு திருகியது. மணி செத்தது. காளை நின்றது. அதற்கப்புறம்தான் அது தன்னுடைய கை என்று அவனுக்குத் தெரிந்தது. பால்காரன் மாட்டை அடக்குவான், தோட்டக்காரன் அடக்குவான், மாட்டு டாக்டர் அடக்குவார். மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பார்கள், திமிலைத் தட்டுவார்கள், ஓ ஓ என்பார்கள். மணியை அடக்குகிறவன் உலகத்தில் ஒரே சாதி. "எதுக்குங்க ஏட்டையா மணிக்குள்ள புல்லு?" என்று துரைராஜ் கேட்டான், வாய் பாதி திறந்தபடி. "மாடு மிரளுதில்ல," என்றான் சென்னியப்பன். மிரண்டது ஹாரனுக்கு. அதைத் துரைராஜுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் புருவம் ஏறினது இறங்கவில்லை. விலங்கு மாட்டின கையை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்ற ஆறுக்குட்டி அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். அவசரமில்லாமல், மாட்டுப் பல் பார்க்கிற மாதிரி, முழுசாகப் பார்த்தான். பிறகு துரைராஜ் பக்கம் திரும்பி, "ஏனுங்க, மனுசனுக்குத்தான் வாய்ப்பூட்டுன்னு நெனைச்சேன். உங்க எல்லையில மணிக்குமுங்களா?" என்றான். துரைராஜ் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

சிரிப்பு நின்றபிறகு இதோ இந்த மத்தியானம். காளையைக் காணோம் என்று தாராபுரம் பக்கத்துத் தோட்டக்காரர் பொங்கியண்ணன் கொடுத்த புகார் விடிகாலையிலேயே ஒயர்லெஸ்ஸில் வந்திருந்தது, தகவல் போய்விட்டது, அவர் ஆட்களோடு டெம்போவில் கிளம்பிவிட்டார். எஸ்.ஐ. வேறு பந்தோபஸ்து முடிந்து பொழுதோடு வருவார். வந்து, ஆறுக்குட்டியை உட்காரவைத்து, சொல்லுடா என்பார். ஆறுக்குட்டி சொல்லுவான். இல்லை, சொல்லமாட்டான். இந்த இடத்துக்கு வந்ததும் சென்னியப்பனின் நினைப்பு முள்ளுவேலியில் மாட்டின வேட்டி மாதிரி நின்றுவிடுகிறது. சொல்லமாட்டான், ஏனென்றால் அன்றைக்கும் அவன் சொல்லவில்லை. அன்றைக்கு மழை. களவு என்றால் ராத்திரி என்று ஊர் நினைக்கும், ஆறுக்குட்டி பட்டப்பகல்காரன். ஐப்பசி மழை அடித்து ஊற்றும்போது, காவல்காரன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குடிசைக்குள் ஒடுங்கியிருக்கும்போது, தொழுவத்தில் போய் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நேராக வாய்க்காலில் இறக்கி நடத்துவான், தடம் தண்ணியோடு போய்விடும். வாத்தியார் மகனான சென்னியப்பன், பத்தாவது படிக்கிறவன், அப்பன் பிரம்பால் அடித்த கோபத்தில் ஒரு மழை நாள் அவனோடு இறங்கினான். அப்புறம் கோபம் தீர்ந்தும் இறங்கினான். காசுக்காக இல்லை, காசை ஆறுக்குட்டியே வைத்துக்கொள்வான். இடுப்பளவுத் தண்ணீரில், தன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மிருகம் மூச்சுவிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கூடவே வரும்போது, அடைத்த மணி கைக்குள் குளிர்ந்து கிடக்கும்போது, வகுப்பில் எந்தப் பாட்டிலும் இல்லாத ஒன்று அவனுக்குள் நிமிரும். அதைப் பிறகு எங்கேயும் அவன் பார்க்கவில்லை. மனைவியிடம் இல்லை, காக்கியில் இல்லை. இன்று காலையில் பலகைமேல் ஒரு நொடி பார்த்தான், அவ்வளவுதான். நாலாவது மாட்டிலோ ஐந்தாவது மாட்டிலோ ஆறுக்குட்டி மட்டும் பிடிபட்டான். ஸ்டேஷனில் வைத்து விரலை முறித்தார்கள் என்று ஊரே பேசியது. சென்னியப்பன் போலீஸ் வரும் வரும் என்று தின்னாமல் உறங்காமல் கிடந்தான், வரவில்லை. ஊர்க்கூட்டத்தில் மாரப்பன் பேசினார், போலீஸ் வரவில்லை. அவன் சொல்லவில்லை. ரண்டு விரலைக் கொடுத்து என் பேரை முழுங்கிவிட்டான். அடுத்த வாரமே கேரளத்து மண்ணார்க்காட்டுக்கு ஓடி ஒரு மர டிப்போவில் சேர்ந்தான் சென்னியப்பன்.

அங்கே அஞ்சு வருஷம். பகலில் மரம் அளப்பது, சாயங்காலம் வாசகசாலையில் உட்கார்ந்து மலையாளம் எழுத்துக் கூட்டுவது. தமிழில் படித்தது பாட்டும் கணக்கும். மலையாளத்தில் படித்தது பயம். யாராவது புதிதாக டிப்போவுக்கு வந்து, "ஆரா? எவிடுந்நா?" என்றால் யார், எங்கிருந்து என்று அது நேரே அவன் வயிற்றிலிருந்து கேட்கும். இன்றைக்கும் பயம் வந்தால் அவனுக்கு அந்தப் பாஷையில்தான் வருகிறது, இப்போது வந்துகொண்டிருக்கிறது, ஆரா, ஆரா, என்று தகரக்கூரை அடித்துக்கொள்கிறது. அப்பன் செத்தபோது திரும்பினான். ஊர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதது. கேரளத்தில் வேலை பார்த்துத் திரும்பின படிச்ச பையன், ரண்டு பாஷை தெரியும், போலீஸில் ஆள் எடுக்கிறார்கள் போ என்றது. போனான். எல்லை ஸ்டேஷன்களுக்கு ரண்டு பாஷைக்காரன் வேண்டியிருந்தது. அவனைப்போல ஒரு போலீஸ்காரன் கிடையாது என்று மூன்று அதிகாரிகள் தோளைத் தட்டினார்கள். கொம்பைச் சூடுகாட்டி வளைத்திருப்பதைப் பத்தடியில் நின்று சொல்லுவான், பழைய சூட்டுக்குறிமேல் புதுக்குறி போட்டதை விரலால் சொல்லுவான். எத்தனை பேரை உள்ளே அனுப்பினான். ஒவ்வொருத்தனை அனுப்பும்போதும் ஆறுக்குட்டியின் கணக்கில் கொஞ்சம் கழிகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தான். கழியவில்லை. கழியாததனால் அவன்மேல் வெறுப்பு வந்தது. எப்போது வந்தது என்று தெரியாது, குதிகாலில் பித்தவெடிப்பு மாதிரி, ஒருநாள் பார்த்தால் இருந்தது. கடன் கொடுத்துவிட்டுக் கேட்காமலே இருக்கிறவனைப்போல ஒரு கொடூரன் உண்டா? கேட்டுத் தொலைத்தால் இல்லை என்றாவது சொல்லலாம். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது வந்தான் அந்த விரல்களோடு. முதல் குழந்தையைக் கையில் வாங்கும்போது வந்தான். நல்ல சோறு திங்கும்போதெல்லாம் எதிர் இலையில் உட்கார்ந்தான். சொல்லியிருக்கலாமேடா. சொல்லியிருந்தால் நானும் ரண்டு வருஷம் உள்ளே கிடந்துவிட்டு வெளியே வந்து, திருடனாகவோ கூலிக்காரனாகவோ, எவன் முகத்தையும் பார்த்துப் பேசுகிற ஒருத்தனாக இருந்திருப்பேனே.

துரைராஜ் உள்ளே வந்தான். கையில் நசுங்கின புல். "மாடு கழுத்தை உரசிட்டே இருந்துதுங்க, எடுத்துப்போட்டேன்," என்றான். வெளியே மணி அடிக்க ஆரம்பித்திருந்தது, காற்றுக்குத் தக்கபடி, கூட்டியும் குறைத்தும். "நாக்கைச் சுத்தி முறுக்கி வெச்சிருக்குதுங்க. சும்மா திணிச்சா விழுந்துருமாட்ட இருக்குது. இது பழகின கையிங்க ஏட்டையா." சொல்லிவிட்டு அவன் சென்னியப்பனைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தான். அவன் பார்க்காமல் இருந்ததுதான் பார்வை. "எங்க தோட்டத்துல மாடு கட்டியிருந்தோம்," என்றான் சென்னியப்பன். "உங்கப்பாரு வாத்தியாருன்னு சொன்னீங்க." "வாத்தியாருக்கு மாடு இருக்கக்கூடாதா?" "இருக்கலாமுங்க," என்றான் துரைராஜ், புல்லை ஜன்னல் வழியாகப் போடாமல், எதற்கோ, மேஜையின் ஓரத்தில் வைத்தான். "போய் ரோட்டைப் பாரு," என்று சென்னியப்பன் போட்ட சத்தம் அவனுக்கே அதிகமாகப் பட்டது. துரைராஜ் போனான். வழக்கமாக, சரீங்க என்று சொல்லிவிட்டுப் போகிறவன்.

அப்போதுதான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது, காலையிலிருந்தே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, இப்போது காலை நீட்டியது. பொங்கியண்ணன் எஸ்.ஐ.க்கு முன்னால் வந்துவிடுவார். ஆட்களோடு வருகிறார். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை, வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தது என்று புகாரிலேயே இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் மாட்டுத் திருடனை என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். ரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பக்கம் ஆடு திருடினவனைக் கட்டிவைத்து அடித்தார்கள், ஓடும்போது கிணற்றில் விழுந்தான் என்று முடிந்தது. அந்தக் கிணற்றைப் போய் எட்டிப் பார்த்தவன் சென்னியப்பன். தண்ணீரே இல்லாத கிணறு. எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தான். இங்கே கிணறுகூட வேண்டாம். எதிரே பாலத்துக்கு அடியில் ஓடை ஓடுகிறது, மலையில் மழை, செம்மண்ணாக நிறைந்து போகிறது. அவன் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. துரைராஜைக் கூட்டிக்கொண்டு காளைக்குத் தண்ணி காட்டப் போகவேண்டும், அவ்வளவுதான். ஒரு பத்து நிமிஷம் இல்லாமல் இருக்கவேண்டும். வாழ்க்கை முழுக்க அவன் செய்ததே அதுதானே, ஒரு இடத்தில் இல்லாமல் இருந்தது. துரைராஜ் ஒரு பிடி புல்லை வைத்துக்கொண்டு என்ன பேசுவான்? பேச ஆள் இருந்தால்தானே புல்லுக்கு அர்த்தம். இப்படி நினைக்கிறவன் யார், ஆரா, நானா? நான்தான். வேறு யார் இந்த நாற்காலியில் இருக்கிறான். உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "ஏட்டையா, தண்ணி கெடைக்குமுங்களா?"

அலுமினியத் தம்ளரில் மொண்டுகொண்டு போனான். உள்ளறை கல் கட்டினது, பிடிபட்ட சரக்கைப் போடுகிற இடம், ஒரே ஜன்னல். விலங்கின் மறு வளையம் ஜன்னல் கம்பியில். ஆறுக்குட்டி சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தான். தம்ளரை நல்ல கையால் வாங்கி, பாதியைக் குடித்து, மீதியை முகத்தில் விட்டுத் துடைத்துக்கொண்டான்.

"தொந்தி போட்டுட்டே சென்னி."

சென்னியப்பன் கதவை ஒருச்சாய்த்தான்.

"நான் கண்டுபுடிச்சிருக்கவே மாட்டேன். லாரியில ஏறி மயிரைத் தடவிப் பார்த்தியே, அப்பவே இது எவன்டா நம்ம தொழில்காரன் போலீசுலன்னு தோணுச்சு. மணியை அடைச்சே பாரு, நாக்கைச் சுத்தி. அது நான் சொல்லிக்குடுத்த திருகு. வாத்தியார் மகனுக்கு வாத்தியாரு நானு."

"மெதுவாப் பேசு."

"எதுக்கு? உன்ர ஆளுதான் பார்த்துட்டானே. சிரிக்கிறான், ஆனா மக்கு இல்லை."

"உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்னத்த வேணும்? விரல் வேணும். வெச்சிருக்கறியா?"

சென்னியப்பன் அந்த விரல்களைப் பார்த்தான். நகம் உள்ளங்கைக்குள் வளர்ந்து, அழுக்கேறி, பார்க்க விரலாகவே இல்லை. எத்தனையோ வருஷம் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், மலையாளத்திலும் தமிழிலும் சொல்லிப் பார்த்தது, வெளியே வரும்போது பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. "நீ என் பேரைச் சொல்லலை. அதை நான் மறக்கலை."

ஆறுக்குட்டி தம்ளரைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் வந்தது சிரிப்பு இல்லை, நிஜமாகவே புரியவில்லை.

"ஆரு சொன்னா, சொல்லலைன்னு?"

"ஊரே..."

"ஊருக்கு என்ன தெரியும்? மொத அடியிலயே சொல்லிப்போட்டேன். நானும் சென்னியப்பனும்தானுங்க, வேற ஆருமில்லீங்கன்னு. அவிக சிரிச்சாங்க. வாத்தியார் பையன், இங்கிலீசு படிக்கறவன், அவனை இழுக்கறியாடா நாயேன்னு, அதுக்கு ஒரு விரலு. நெசமாத்தானுங்கன்னு மறுக்காச் சொன்னேன், அதுக்கு இன்னொண்ணு. அப்பறமும் விரல் இருந்துது. எனக்குத்தான் சொல்ல இஷ்டமில்லை."

வெளியே மணி அடித்துக்கொண்டிருந்தது.

"நான் என்னமோ உனக்காக வாயைக் கட்டிக்கிட்டேன்னு நெனைச்சியா? நீ ஆருடா எனக்கு? மாமனா, மச்சானா?" இப்போது அவன் சிரித்தான், இருமல் வந்தது, இருமிவிட்டுச் சிரித்தான். "இத்தனை வருசமா இதை வெச்சுக்கிட்டா திரிஞ்சே? பாவம்டா. ஆனா ஒண்ணு. அன்னைக்கு நம்பலை. இன்னைக்கு நம்புவாங்க. எஸ்.ஐ. வரட்டும், சொல்லத்தான் போறேன். துரைராசையும் கேட்டுக்கங்கன்னு சொல்லுவேன். எனக்கு வயசாச்சு, விரலும் மிச்சமிருக்குது."

சென்னியப்பன் வெளியே வந்து கதவைச் சாத்தி, நாதாங்கியில் பழைய பித்தளைப் பூட்டை மாட்டிப் பூட்டினான். வேங்கைக் கதவு, மாற்றுச்சாவி இல்லாத பூட்டு. தொலைந்தால் கொல்லனைக் கூட்டிவந்து அறுக்கத்தான் வேண்டும் என்று சொல்லித்தான் முந்தின ஏட்டு சாவியை ஒப்படைத்தார். சாவி உள்ளங்கையில் இருந்தது, பெருவிரலுக்கு அடியில், அந்த மணியின் நாக்கு அளவுக்கு. நாற்காலிக்குப் போகவில்லை. நின்றான். சொன்னான். சொன்னானாம். மொத அடியிலேயே. அப்படியானால் விரல் போனது என் பேரை மறைத்ததற்கு இல்லை, என் பேரைச் சொன்னதற்கு. ரண்டு விரலும் என் பேருக்குத்தான் போயிருக்கிறது, கணக்கு ஒன்றுதான், ஆனால் அவன் கொடுத்ததாக இல்லை. என் அப்பனுடைய சட்டையும் அங்கவஸ்திரமும் என் பத்தாம் வகுப்பும் சேர்ந்து பிடுங்கினது. அப்படியானால் அவன் எதிர் இலையில் வந்து உட்காரவேயில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. குழந்தையைப் பார்க்க வரவில்லை. அவன் பாட்டுக்கு ஜெயிலில் கேழ்வரகுக் களி தின்றுகொண்டு, என்னைக் காட்டிக்கொடுத்தும் நடக்கவில்லையே என்று எரிந்துகொண்டு கிடந்திருக்கிறான். நான்தான் இங்கே ஒரு ஆறுக்குட்டியைச் செய்து, தியாகியாக்கி, அவனுக்குப் பயந்து, அவனை வெறுத்து. அந்த வெறுப்பைத் தேடிப் பார்த்தான், அவசரமாக, டார்ச் அடித்துத் தேடுகிற மாதிரி, இப்போது அது மிகவும் தேவைப்பட்டது. இருந்தது, ஆனால் நிற்பதற்குக் கால் இல்லாமல் கிடந்தது. புதுசாக ஒன்று செய்துகொள்ளலாம். இவன் என்னைக் காட்டிக்கொடுத்தவன், இன்றைக்கும் கொடுக்கப்போகிறவன், இவனுக்கு நான் ஒரு மயிரும் கடன்பட்டிருக்கவில்லை. உண்மைதான். நன்றியும் இல்லை, கடனும் இல்லை. ஒரு திருடன், ஒரு ஏட்டு, ஒரு பூட்டு. இவ்வளவு லேசாக எதுவும் அவனுக்கு வாய்த்ததில்லை. தண்ணி காட்டப் போகலாம், காளை காலையிலிருந்து குடிக்கவில்லை. மேஜை ஓரத்தில் புல் வாடியிருந்தது. அதை எடுத்து மோந்தான், ஏன் என்று தெரியாமல். மழை வாசனையும் இல்லை, வாய்க்கால் வாசனையும் இல்லை, டீசல் வாசனை. தம்ளரை உள்ளேயே விட்டுவிட்டோமே என்று நினைத்தான். அந்த நினைப்பே இரண்டு தடவை வந்தது, தம்ளர், தம்ளர், அது இந்த நேரத்தில் முக்கியமான விஷயம் என்பதுபோல.

டெம்போ வந்து நின்றது. பொங்கியண்ணன் முன் சீட்டிலிருந்து இறங்கினார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மெதுவாகப் பேசுகிற மனுசன். பின்னாலிருந்து ஏழெட்டுப் பேர் குதித்தார்கள். கையில் ஒன்றும் இல்லை, டெம்போவுக்குள் கம்புகள் கிடந்தன. பொங்கியண்ணன் நேராகப் புளியமரத்துக்குப் போய்க் காளையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார். அவர் தோள் குலுங்கியது. அந்த மணியை அவிழ்த்துத் தூர எறிந்தார். அப்புறம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணுமுங்க ஏட்டையா. உங்க கண்ணுக்குத் தப்பி எதும் போகாதுன்னு சொன்னாங்க."

"எஸ்.ஐ. வந்துருவாருங்க. மாட்டை அடையாளம் சொல்லிப்போட்டு..."

"சொல்றோமுங்க. அதுக்கென்ன அவசரம்." அவர் கதவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். "அவன் உள்ளதான் இருக்கறானுங்களா?"

"இருக்கறான்."

"சித்தே தொறந்துவிடுங்க. ரண்டு வார்த்தை பேசிக்கறோம். நீங்களும் தம்பியும் அப்பிடி டீக்கடைப் பக்கம் போயிட்டு வாங்க. உங்க பேருக்கு ஒரு சின்னக் கீறல் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

துரைராஜ் தடை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் சிரிக்கவில்லை. சென்னியப்பன் முகத்தையே பார்த்தான், இந்த முறை நேராக. ஆறுக்குட்டியும் கேட்டுக்கொண்டிருப்பான், கேட்டு, இந்த ஏட்டு என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. கை தெரியாமல் எதையாவது செய்துவிடும் என்று பயமாக இருந்தது. அதற்குத் தெரிந்த வேலை அடைப்பது, அழுத்துவது, ஒரு திருகு. பொங்கியண்ணன் நல்ல மனுசன், காளைக்காக அழுதவர். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பிரசாதம் வாங்குகிற மாதிரி, உள்ளங்கையை மேலே காட்டி. அதில் வைத்தால் போதும். வைக்கவேண்டும் என்றுகூட இல்லை, மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தால் போதும். சாவி வேர்வையில் வழுக்கியது.

"கேக்கறது கேட்டுதுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"கேட்டுதுங்க," என்றான்.

அவரைச் சுற்றிக்கொண்டு, ஆட்களுக்கு நடுவே, ரோட்டைத் தாண்டி, பாலத்தின் கைப்பிடிச் சுவர்வரை நடந்துபோய், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாவியை ஓடையில் எறிந்தான்.